தவமணி போட்டு வைத்த நாற்காலி

செய்தி வந்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். அன்று வியாழக்கிழமை, எங்கள் துறையில் களப்பணி நாள். சமூகப்பணி முதுகலை படிக்கும் பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைக்காமல் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தொழிலாளர் குடியிருப்புக்கும் அனுப்பும் நாள். பாதிப் பஸ்ஸை அடைத்துக்கொண்டு அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விருத்தாசலம் வர இன்னும் கொஞ்சம் தூரம் இருந்தது. போனில் தவமணி அக்காவின் கணவர் ஞானராஜ் அண்ணனின் பெயரைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வசந்தி, தவமணி போயிட்டாம்மா" என்றார். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்ட பிள்ளைகளிடம் சொன்னேன். சிரிப்பு நின்றது. "எல்லாரும் தவமணி மேடம் வூட்டுக்குப் போயிடலாமா?" என்று ஒரு பெண் அழுதுகொண்டே கேட்டாள். வேண்டாம் என்றேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவரவரை அவரவர் இடத்துக்கு அனுப்பினேன். "அங்க உங்களுக்காக ஆளுங்க காத்துக்கிட்டிருப்பாங்க. சாயங்காலம் வந்து பாருங்க" என்றேன். அதன் பிறகுதான் ஆட்டோ பிடித்து ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். சாவு விழுந்த நாளில் களப்பணி நடத்தினேன் என்று துறையில் சிலருக்கு இன்னும் என்மேல் கோபம். இருக்கட்டும். அன்று ஒரு பிள்ளை வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தால், தவமணி பெட்டியிலிருந்து எழுந்து உட்கார்ந்து திட்டியிருப்பார். இதைப் படிக்கும் பழைய மாணவர்களே, உங்களில் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தவமணி எங்கள் துறையின் களப்பணி ஒருங்கிணைப்பாளர். எந்தப் பிள்ளை எங்கே போவது, அங்கே என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது என்பதெல்லாம் அவர் கையில். என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அக்கா என்பேன். அவர் என்னை வசந்தி என்பார், கோபம் வந்தால் மேடம் என்பார். சேர்ந்து வேலை பார்த்த காலத்தில் பெரும்பாலும் நான் மேடமாகத்தான் இருந்தேன்.

அவரோடு நான் முதன்முதலில் களத்துக்குப் போன நாளைச் சொல்ல வேண்டும். செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு குடியிருப்பு. பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளும் பொம்மைகளும் செய்யும் சின்னச் சின்னப் பட்டறைகளில் வேலை பார்க்கும் குடும்பங்கள். புதிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவில் நுழைந்ததுமே பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "லோனு குடுக்க வந்தீங்களா? இல்ல, வூட்டுக் கணக்கு எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டார்கள். இந்த மாதிரி இடத்தில் நான் வழக்கமாகச் சொல்வது, "உங்களுக்கு உதவி செய்ய வந்திருக்கோம்" என்பது. கேட்க நன்றாக இருக்கும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தவமணி முந்திக்கொண்டார். "படிக்கிற புள்ளைங்கம்மா. கத்துக்க வந்திருக்குதுங்க" என்றார்.

முன்னால் நின்ற அஞ்சலை இடுப்பில் கை வைத்தார். அந்தத் தெருவில் அவர் குரல் கேட்காத நாள் கிடையாது என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. "எங்கள வச்சா கத்துக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. உங்கள வச்சுத்தான். புடிக்கலன்னா சொல்லிடுங்க, போயிடறோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி வரும் வழியில் சண்டை பிடித்தேன். இப்படிப் பேசினால் நாளைக்கு யார் கதவு திறப்பார்கள் என்று கேட்டேன். அவர் நடந்துகொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கெமிஸ்ட்ரி படிக்கிற பசங்க கத்துக்கும்போது டெஸ்ட் டியூப்பை ஒடைக்கறாங்க. காலேஜு வேற வாங்கிக் குடுக்குது. நம்ம பசங்க ஒடச்சா அது அடுத்தவங்க குடும்பம். அத யாரு வாங்கிக் குடுப்பாங்க? மொதல்லயே அவங்களுக்குத் தெரியணும் இல்லையா, மேடம்?" பேசத் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டு நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். அது நிஜமாகவே நடந்தது சில வருடங்கள் கழித்து, சுகன்யா படித்த ஆண்டில்.

சுகன்யா ஸ்ரீமுஷ்ணத்துப் பெண். கெட்டிக்காரி, நன்றாகப் பேசுவாள், தெருவில் எல்லாருக்கும் அவளைப் பிடிக்கும். அவளைக் களப்பணிக்கு அந்தக் குடியிருப்பில்தான் போட்டிருந்தோம். அங்கே கலைவாணி என்று ஓர் அம்மா. பட்டறையில் காய்ந்த பீங்கான் சாமான்களின் ஓரம் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து அடுக்கும் வேலை. அவர் கணவர் பெயின்டர். மாதக் கணக்காக இருமிக்கொண்டிருந்து, கடைசியில் காசநோய் என்று கண்டுபிடித்து, அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருந்தார். மாத்திரையை ஒரு நாள் விடாமல் கடைசி வரை சாப்பிட்டால் குணமாகும் நோய் அது. நடுவில் விட்டால் பிறகு அந்த மாத்திரைக்கு அடங்காமல் போகலாம். விஷயம் தெருவுக்குத் தெரியாது. சுகன்யாவிடம் மட்டும் கலைவாணி சொன்னார், ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் வேண்டியிருந்ததால். "யார்கிட்டயும் சொல்லிடாத புள்ள" என்று கையைப் பிடித்துக் கேட்டார். சொல்ல மாட்டேன் என்று இவளும் சத்தியம் செய்தாள்.

அந்தப் பருவத்தில் பிள்ளைகள் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த வேண்டும். சுகன்யா காசநோய் பற்றியே நடத்தினாள். தெருக்கோடியில் இருந்த சமுதாயக்கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, மைக் கட்டி, பெண்களை உட்கார வைத்துவிட்டாள். பேச வேண்டிய நர்சம்மா வேறு வேலையில் மாட்டிக்கொண்டு வரவில்லை. இவளே மைக்கைப் பிடித்தாள். புத்தகத்தில் படித்ததைச் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராக எழுந்திருக்க ஆரம்பித்தார்கள். கூட்டம் கலைந்துவிடுமே என்ற பதற்றத்தில் அவள் சொன்னாள்: "இது எங்கயோ நடக்கறது இல்லக்கா. இதே செராமிக்ல வேலை பாக்கற ஒரு அக்கா வூட்ல நடந்தது. பேரு சொல்ல மாட்டேன். அவங்க வூட்டுக்காரரு பெயின்ட் அடிக்கறவரு. இருமல்னு சும்மா இருந்துட்டாரு. இப்ப மாத்திரை போட்டு நல்லா ஆயிக்கிட்டு வராரு."

எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டம் அமைதியாகக் கேட்டது. கூட்டம் வெற்றி என்று அவள் நினைத்தாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எங்களிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தவமணி டீயை அப்படியே பெஞ்சில் வைத்தார். "அவரு என்ன வேலைன்னு சொன்னியா?" என்றார்.

"சொன்னேன் மேடம். ஆனா பேரு சொல்லவே இல்ல."

"அந்தத் தெருவுல பெயின்டர் எத்தன பேரு?"

சுகன்யா ஒரு விரலை மடக்கினாள். அடுத்த பெயர் எதையும் அவள் சொல்லவில்லை. கூட்டம் நடக்கும்போது கலைவாணி வாசலோரம் உட்கார்ந்திருந்தது, பெண்கள் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பியது, சற்று நேரத்தில் அந்த இடம் காலியாக இருந்தது எல்லாம் அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.  தவமணி அவளைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாளும் களப்பணி நாள். காலையில் நாங்கள் மூவரும் போய்ச் சேர்வதற்குள் நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்திருந்தது. தெருமுனை டீக்கடையில் எல்லாருக்கும் கிளாஸில் டீ கொடுத்துவிட்டு, கலைவாணியின் கணவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் ஊற்றியிருக்கிறார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் அந்தக் கப்பைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, குடிக்காமல் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே என்று சொல்லவில்லை. மாத்திரையை எடுத்துப் போகவில்லை.

கலைவாணியைப் பட்டறை வாசலில் பார்த்தோம். உள்ளே மற்ற பெண்கள், குடிக்கிற தண்ணிப் பானை ஒன்றுதான், அதில் நாங்கள் எப்படிக் குடிப்பது என்று சொல்லிவிட்டார்களாம். கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று முதலாளியும் சொல்லிவிட்டார். கலைவாணியின் கையில் சாப்பாட்டுப் பையும் மாத்திரை அட்டையும் இருந்தன. சுகன்யாவைப் பார்த்ததும், "உன்ன என் வூட்டுப் புள்ளன்னு நெனச்சேன்டி" என்றார். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

சுகன்யா ஓடிப்போய் அவர் காலில் விழக் குனிந்தாள். தவமணி அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். "இப்ப வாயத் திறக்காத" என்றார். "மன்னிப்பு கேட்டா உனக்கு மனசு லேசாயிடும். அவங்களுக்கு என்ன ஆவும்? மொதல்ல அவரு மாத்திரை போடணும்." பிறகு கலைவாணி பக்கம் திரும்பி, "எங்க போயிருப்பாரு?" என்று கேட்டார். வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம் அவருடைய தங்கை வீடு இருக்கிறது, அங்கேதான் போயிருப்பார் என்று பதில் வந்தது.

அங்கே சுகன்யாவையும் கூட்டிப் போவது என்று தவமணி சொன்னபோது நான் வெடித்துவிட்டேன். இப்போதும் அதற்காக நான் வருத்தப்படவில்லை. வயசுப் பெண், ஆத்திரத்தில் இருக்கிற வீடு, தெரியாத ஊர். நாளைக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அவள் அப்பா வந்து கேட்டால் யார் பதில் சொல்வது? "யாராவது கை வச்சிட்டா யாரு பொறுப்புக்கா?" என்று நடுத்தெருவில் கேட்டேன்.

"நான் பொறுப்பு, மேடம்" என்றார்.

சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் கலைவாணியும் தவமணியும் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் பின் சீட்டில். பக்கத்தில் இடம் இருந்தும் சுகன்யா உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  கலைவாணி ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இறங்கி நிற்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் கணவர் வழியில் எங்காவது இறங்கிவிட்டாரோ, ஆற்றுப் பாலத்தில் நிற்கிறாரோ என்ற பயம் எனக்கும் இருந்தது. பாலத்தைக் கடக்கும்போது நானும் எட்டிப் பார்த்தேன்.

சேத்தியாத்தோப்பில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. வீட்டு வாசலில் தங்கையின் கணவர் நின்றிருந்தார். நல்ல உயரம். வயலிலிருந்து வந்த சேறு காலில் காய்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அவருக்கு யார் என்று தெரிந்துவிட்டது. "எவ அது, மைக்க புடிச்சுப் பேசுனவ?" என்றார்.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சுகன்யா முன்னால் போய், "நான்தாங்க" என்றாள். குரல் ஆடியது. ஆனால் சொன்னாள்.

அவர் நெருங்கி வந்தார். என்ன நினைத்து வந்தார் என்று எனக்குத் தெரியாது. கை ஓங்கவில்லை, ஆனால் கை சும்மாவும் இல்லை. நடுவில் போய் நிற்க நான் நகர்ந்தேன். தவமணி என் முந்தானையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.  பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் கலைவாணி எங்களையெல்லாம் தாண்டி முன்னால் போனார். "அண்ணே, வுடுங்க. அப்பறமா பேசிக்கலாம். மாத்திர குடுக்கணும், நேரமாவுது" என்று சொல்லிவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டார். வழிவிடுவதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு வழி இல்லை.

கலைவாணியின் கணவர் பின்புறம் மோட்டார் கொட்டகை நிழலில், வயலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மாத்திரை அட்டையை நீட்டியதும் தட்டிவிட்டார். கலைவாணி குனிந்து பொறுக்கி, ஊதி, மறுபடி நீட்டினார். மறுபடியும் தட்டிவிட்டார். சுகன்யா சுவரோரம் நின்று சத்தம் வராமல் அழுதாள். தவமணி அவருக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அறிவுரை சொல்லவில்லை. "நாங்க செஞ்சது தப்பு. அத இனிமே அழிக்க முடியாது. இப்ப நாங்க என்ன செஞ்சா உங்களுக்கு ஆவும்?" என்று கேட்டார்.

அவர் கீழே கிடந்த அட்டையைப் பார்த்தார். பிறகு ஒன்று சொன்னார். அதைக் கேட்டுத் தவமணி தலையாட்டினார். கலைவாணி தண்ணீர் கொண்டுவந்தார். அவர் மாத்திரையை வாங்கி விழுங்கினார். அவர் சொன்னது என்ன என்பது இந்தக் கட்டுரையில் இல்லை. ஏன் இல்லை என்று கடைசியில் சொல்கிறேன்.

தெருவுக்குத் திரும்பி வர அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தங்கை வீட்டிலேயே இருந்து, பக்கத்துச் சுகாதார நிலையத்திலேயே மாத்திரை வாங்கிக்கொள்ள ஏற்பாடு ஆயிற்று. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது என்றால் எத்தனை ஜன்னல், எத்தனை 'நாளைக்கு வாங்க' என்று உங்களுக்குத் தெரியும். அத்தனை ஜன்னலிலும் சுகன்யாதான் நின்றாள். தவமணி தூரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

துறைக் கூட்டத்தில் அவளை உடனே வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று எல்லாரும் சொன்னோம். உரக்கச் சொன்னது நான். பட்டறை முதலாளியும் இனி மாணவர்களை உள்ளே விட மாட்டேன் என்று சொல்லியிருந்தார். போதாதா? தவமணி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு இடத்துக்கு அனுப்பினா அவ நல்ல ரிப்போர்ட் எழுதுவா. நமக்கும் நிம்மதி. ஆனா தப்பு பண்ணினா பஸ் ஏறிடலாம்னு கத்துக்குவா. அங்க கலைவாணிக்கு இன்னும் வேலை திரும்பல. அது வரைக்கும் இவளுக்கு அங்கதான் களப்பணி." ஏதாவது ஆனால் தான் ராஜினாமா செய்வதாகவும் சொன்னார். கூட்டம் அதோடு முடிந்தது. எனக்கு மட்டும் ஒரு வாரம் அவரோடு பேச்சு இல்லை.

பட்டறைக்குள் விடாததால் தவமணியும் சுகன்யாவும் கேட்டுக்கு எதிரில் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு களப்பணி நாளும் போய் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் வெளியே வருவார்கள், இவர்களைப் பார்க்காத மாதிரி போவார்கள். சுகன்யா இளைத்துப்போனாள். இது என்ன தண்டனை என்று பார்க்க நானும் ஒரு நாள் போனேன். அன்றுதான் அஞ்சலைக்குப் பொறுமை போயிற்று.

கை முழுக்க வெள்ளைத் தூசியோடு நேராக வந்து சுகன்யாவின் எதிரில் நின்றார். "படிச்சவளாடி நீ? நம்பிச் சொன்னவ மானத்த மைக்குல வச்சு ஏலம் போட்டியே" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. சில வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. தெருவே நின்று பார்த்தது. நான் தவமணியைப் பார்த்தேன். அவர் அசையவில்லை. சுகன்யா தலையைக் குனியாமல் அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். திட்டித் திட்டி அஞ்சலைக்கு மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "செரி, அந்த நோவு கூட உக்காந்தா ஒட்டுமா, ஒட்டாதா? மொதல்ல அதச் சொல்லு."

சுகன்யா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவரிடமிருந்து சில வாரத்தில் பரவுவது நின்றுவிடும், கிளாஸிலும் பானையிலும் ஒட்டுவது இல்லை, நர்சம்மாவையே அழைத்து வருகிறேன், அவரிடம் கேளுங்கள் என்றாள். சுற்றி நின்ற பெண்கள் நெருங்கி வந்தார்கள். கூட்டத்திலிருந்து ஒருத்தி, "அப்ப கலைவாணி வூட்டுக்காரருக்கு இப்ப எப்படி இருக்குது?" என்றாள்.

 நல்ல சேதி சொல்லிவிடச் சுகன்யாவுக்கு ஆசையாகத்தான் இருந்திருக்கும். அவர் தேறிக்கொண்டிருந்தார், எடை கூடியிருந்தது, அதைச் சொன்னால் அந்த இடத்திலேயே எல்லாம் சரியாகிவிடும் போலத் தோன்றியது. சுகன்யா தவமணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது அவங்க வூட்டு விஷயம்க்கா. அவங்களையே கேட்டுக்குங்க" என்றாள்.

அஞ்சலை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பத்தான் புத்தி வந்திருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கலைவாணி பட்டறைக்குத் திரும்ப அதற்குப் பிறகும் நாள் ஆயிற்று. நர்சம்மா வந்து பேசினார். முதலாளியை அஞ்சலையே போய்ப் பார்த்தார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த ஒரு பெண் கடைசி வரை அந்த இடத்துக்குத் திரும்பி வரவில்லை. கணவர் குணமானார், ஆனால் அந்தத் தெருவில் மறுபடி கால் வைக்கவில்லை. சில காலம் கழித்துக் கலைவாணிதான் வீட்டை வேறு தெருவுக்கு மாற்றிக்கொண்டார். சுகன்யாவை அவர் மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. பேசுகிறார்கள், அவ்வளவுதான் தெரியும்.

அந்த ஆண்டிலிருந்துதான் நாற்காலி வந்தது. களத்திலிருந்து வந்ததும் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, தாங்கள் சந்தித்தவர்களைப் பற்றி எல்லார் முன்னாலும் சொல்வது எங்கள் துறை வழக்கம். பெயரை மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டும் என்பது விதி. தவமணி வட்டத்தில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட ஆரம்பித்தார். "நீ பேசறது யாரப் பத்தியோ அவங்க இதுல உக்காந்திருக்காங்க. இப்ப சொல்லு" என்பார். முதலில் சிரித்தார்கள். பிறகு பேச்சு நடுவில் பலர் நின்றுவிடுவார்கள். சிலர் சொல்ல வந்ததைச் சொல்லாமலே முடித்துவிடுவார்கள். இதெல்லாம் நாடகம் என்று நான் கேலி செய்திருக்கிறேன். "உங்களுக்கு இன்னும் பெரிய நாற்காலி போடணும், மேடம்" என்று அவரும் பதிலுக்குக் கேலி செய்வார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கலைவாணி வந்து நின்றார். கூட அவர் கணவர். சட்டைப் பித்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, கூட்டத்திலிருந்து ஒதுங்காமல், எல்லாரோடும் நின்று ஒரு பிடி மண் போட்டார். எதிர்ப்பக்கம் சுகன்யா. இப்போது அவளும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள், களப்பணிக்கு வரும் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்கிறாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இதை எழுதி முடித்து, கலைவாணியின் வீட்டுக்குப் போய் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கலைவாணி அவர் பெயர் இல்லை. அந்தப் பெயரை அவரே தேர்ந்தெடுத்தார், அது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த பெயராம். மற்ற அடையாளங்களையும் அவர் சொன்னபடி மாற்றினேன். சுகன்யா மட்டும், "என் பேரு அப்படியே இருக்கட்டும் மேடம்" என்று சொல்லிவிட்டாள். நோயின் பெயரை எடுத்துவிடவா என்று கலைவாணியிடம் கேட்டேன். "போடு. அத மறைச்சு மறைச்சுத்தான் இவ்ளோ ஆச்சு" என்றார். அவர் கணவரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் கொட்டகை இடம் வந்ததும் கையை உயர்த்தினார். "அன்னிக்கி நான் சொன்னது ஒண்ணு இருக்குதே, அத மட்டும் எடுத்துடுங்க. அது அந்த அம்மாகிட்ட சொன்னது" என்றார். எடுத்துவிட்டேன்.

அவரிடம் கேட்க முடிந்தது. தவமணியிடம் நான் எப்படிக் கேட்பது? அவர் இறந்த நாளிலிருந்து உங்களில் பலர் எனக்குப் போன் செய்தீர்கள். என்ன நோய், எப்போதிலிருந்து, ஏன் யாருக்கும் சொல்லவில்லை, கடைசியில் ரொம்பக் கஷ்டப்பட்டாரா என்று கேட்டீர்கள். அன்பினால்தான் கேட்டீர்கள், தெரியும். எனக்கு எல்லாம் தெரியும். கடைசி மாதங்களில் அவர் பக்கத்தில் இருந்தவள் நான். "யார்கிட்டயும் சொல்லாத வசந்தி" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதைப் பற்றி அழகாக ஒரு பத்தி எழுதியும் வைத்திருந்தேன். படித்தால் நீங்கள் அழுதிருப்பீர்கள். போன வாரம் எல்லாரும் போன பிறகு துறை அறையில் அந்த நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து இந்தக் கட்டுரையைச் சத்தமாக வாசித்தேன். அந்தப் பத்தி வந்ததும் வாசிப்பதை நிறுத்தினேன். அதை அடித்துவிட்டேன். அக்கா இல்லாத துறையில் வேலை செய்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, சண்டை போட ஆள் இல்லை. அதை மட்டும் அவர் முன்னாலேயே சொல்லலாம், சொல்கிறேன்.

களப்பணிப் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. அவருடைய அலமாரியையும் மேசையையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் அந்த நாற்காலியை வைத்துக்கொண்டேன். இந்த வாரம் புதிய பிள்ளைகளின் முதல் கூட்டம். வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரு பையன் தாமதமாக வந்து, காலியாக இருந்த அந்த நாற்காலியில் தன் பையை வைத்தான்.

"பைய எடுப்பா" என்றேன். "அங்க ஆளு இருக்காங்க."